மூன்றாம் முறை எழுகிறார்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துவிட்டு அப்புறம் புலம்பு என்று போன கடிதத்தில் திட்டியிருந்தாய். விசாரித்தாயிற்று. அத்தான் கண் எப்படி இருக்கிறது என்றும் கேட்டதாக வைத்துக்கொள். இனி புலம்பலாம் அல்லவா?

புதிய பங்குக் கோவிலுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. என் அறை ஜன்னலுக்கு எதிரே டயருக்குக் காற்றடிக்கும் கடை. நான் "ஆண்டவர்" என்று எழுதி முடிப்பதற்குள் அவன் "புஸ்" என்கிறான். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அம்மா கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே பட்டனைத்தான் அமுக்குகிறார். பங்குப் பேரவைத் தலைவர் ஒரு பல் டாக்டர். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் வாய்க்குள்ளேயே பார்க்கிறார். பீடத்தில் பிளாஸ்டிக் பூ. அதை ஈரத்துணியால் துடைப்பதற்கென்றே தினமும் ஓர் அம்மா வருகிறார். "நிஜப் பூ வைக்கலாமே" என்றேன். "வாடிப்போயிடுமே ஃபாதர்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். இந்த ஜனங்களுக்கு நான் அழகைப் பற்றியும் நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டுமாம்.

நல்ல வேடிக்கை ஒன்றை மறந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அத்தான் சுவரில் சிலுவைப்பாதைப் படங்கள் வரைந்தாரே, அது இந்தக் கோவில்தான். பதினான்கும் அப்படியே இருக்கின்றன. அந்த வருஷத்தை நான் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் படங்கள் இவ்வளவு மோசம் என்பது நினைவில் இல்லை. கடைக்குப் போர்டு எழுதுகிறவரிடம் கோவிலைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிலுவை, மரக்கடை விளம்பரம் மாதிரி பளபளக்கிறது. சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரே மூக்கு. முகம் துடைக்க வரும் பெண் சோப்பு விற்க வந்தவள் போலச் சிரிக்கிறாள்.

ஒன்பதாவது படம்தான் உச்சம். இயேசு தரையில் குப்புறக் கிடக்கிறார். கீழே கொட்டை எழுத்தில், "இயேசு மூன்றாம் முறை எழுகிறார்." விழுகிறார் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுகிறார்! இத்தனை வருஷமாக ஓர் ஊரே அதன் முன் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறது. ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

பங்கு மடலில் என் பகுதியை இங்கேயும் தொடங்கிவிட்டேன். பழைய தலைப்புதான், "பலிபீடமும் தெருவும்." முதல் இதழ் இத்துடன் இருக்கிறது. படித்துவிட்டு அபிப்பிராயம் எழுது.

உன் தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

ஊர் முழுக்க உன்னை "நீங்க" என்கிறது. நான் ஒருத்தியாவது நீ என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அபிப்பிராயம் கேட்டாய். உன் கட்டுரையில் கீபோர்டு அம்மா வருகிறார், இருமுகிறவர் வருகிறார், செருப்பை வாசலில் தாறுமாறாகப் போடுகிறவர்கள் வருகிறார்கள். கடவுள் கடைசி வரியில் ஒரு தடவை வருகிறார், அதுவும் அவசரமாக. பிரசங்கம் செய்கிறாயா, மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறாயா என்று எனக்குப் புரியவில்லை.

அது கிடக்கட்டும். நீ ஒன்றை யோசிக்காமல் எழுதிவிட்டாய். உன் அத்தானுக்கு இப்போது வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் ஓரமாக மட்டும் கொஞ்சம் தெரிகிறது. உன் கடிதம் வந்தால் நான்தான் சத்தமாக வாசிக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். "என் மச்சினன் எழுத்துல ஒரு நடை இருக்கு" என்பார். நானும் சரளமாக வாசித்துக்கொண்டே போனேன். "பதினான்கும் அப்படியே இருக்கின்றன" என்று வாசித்ததும் மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த வரியைப் பார்த்தேன். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"என்ன எழுதியிருக்கான், சொல்லு" என்கிறார். நான் என்ன செய்வேன்? சுவரைப் பார்த்து வாசித்தேன். படங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றனவாம், தினமும் பூசைக்கு முன் நீ அங்கே நின்று பார்க்கிறாயாம். உன் நடையை மாதிரியே சொன்னேன், நடுவில் ஒரு "அல்லவா" கூடப் போட்டேன். நம்பிவிட்டார். கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வருகிற இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, அழைத்து வருகிறேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படங்களைப் பற்றி மடலில் எழுதாதே. அவர் வரும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல். வாய் வலிக்காது.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. மடல் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, "விழுவதற்கும் எழுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு கை" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஞாயிறன்று பல் டாக்டர் அதை வாசித்துவிட்டு, வாயைத் திறந்து சிரித்தார். அவர் வாயை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேரவை கூடி முடிவு செய்துவிட்டது. திங்கட்கிழமை முதல் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதன் மேல் அச்சடித்த படங்களைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறோம். முன்மொழிந்தவன் நான்தான். அசிங்கமான படத்தின் முன் ஜெபிக்கிறவனுக்குக் கடவுளும் அசிங்கமாகத்தான் தெரிவார். கலையில் இரக்கம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. நீ வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டாய் என்பதற்காக நான் சுவரைக் காவல் காக்க முடியுமா?

அத்தான் தாராளமாக வரட்டும். நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். நீதான் எதிரில் இல்லாததை வாசிப்பதில் கெட்டிக்காரியாயிற்றே, பக்கத்தில் நின்று படம் படமாகச் சொல். கண் தெரியாதவருக்கு எந்தச் சுவராக இருந்தால் என்ன?

கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஜூன் 20

பங்குத்தந்தை அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வேண்டியவர்கள் மேல் வருவது. எனக்கு உன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. உன் மொழியில் சொன்னால், அசிங்கமாக.

தபால் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் வந்திருந்தார்கள். உன் எழுத்தென்றால் உன் அத்தானுக்கு ஆசை, "கொஞ்சம் படிங்க டீச்சர்" என்று உறையைக் கொடுத்துவிட்டார். மடலையும் கடிதத்தையும் அந்த அம்மா ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியையும் சேர்த்து.

நான் வந்தபோது அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். "பிரஷ் டப்பாவை எடு" என்றார். எடுத்தேன். அடியில் காலண்டர் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதைத்தான் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்.

யார் கையெழுத்து அது? அந்த "ழ" வால் நீண்டு போய்க் கீழ் வரியை இடிக்கிறதே, நம் வீட்டில் யாருக்கு அப்படி எழுத வரும்? பதினான்கு வாக்கியத்தையும் நீதான் எழுதிக் கொடுத்தாய். ஒன்பதாவதைப் படி.

நீ அதிகம் நினைத்துப் பார்க்காத வருஷத்தை நான் நினைவுபடுத்துகிறேன். சாமியார் படிப்புக்குப் போன குருமடத்தில் இருக்க முடியாது, கடவுள் இருப்பதாகவே தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாய். அப்பா முகம் பார்க்க மாட்டேன் என்றார். இருபது நாள் எங்கள் நடு அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாய். உன் அத்தான் உன்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. "எனக்கு வேத வாக்கியமெல்லாம் தெரியாது, நீ எழுதிக் கொடு" என்று உன்னை எழுப்பி உட்கார வைத்தார். அவருக்கா தெரியாது? பாதிக் கவனத்தில் எழுதி நீட்டினாய். அப்படி எழுதினது அந்தத் தாள்.

அன்றைக்கே அவர் தப்பைப் பார்த்துவிட்டார். என்னிடம் காட்டினார். "திருத்திடுங்க" என்றேன். "எதுக்கு? எழாம எப்படி அடுத்த படத்துக்குப் போவார்? சின்னவன் எழுதினபடியே இருக்கட்டும்" என்றார். ஒன்பதாவது படம் காய்ந்த மறுநாள் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு குருமடத்துக்குத் திரும்பிப் போனாய்.

நேற்று டீச்சர் போன பிறகு சிரிக்கத்தான் செய்தார். "தன் எழுத்தையே மறந்துட்டானே. அவன்கிட்ட சொல்லாத, சங்கடப்படுவான்" என்றார். அப்புறம், "சனிக்கிழமை வேண்டாம்" என்றார்.

எல்லாவற்றையும் மாற்றி வாசிக்கிறவள், இதை மட்டும் மாற்றாமல் எழுதிவிட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம். இந்த வீட்டில் உன் எழுத்தை வாசிக்க ஆளில்லை.

உன் அக்காவாக இருந்தவள்


ஜூன் 24

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு. அக்கா கிழித்துப் போட்டால் அதுவும் நியாயம்தான். வாசித்தால், தயவுசெய்து உள்ளபடி வாசிக்கட்டும்.

அக்கா கடிதம் நேற்று மதியம் வந்தது. திங்கட்கிழமையே வேலை தொடங்கிவிட்டது. நான் ஓடிப் போனபோது ஒன்பதாவது படம் வரை வெள்ளையடித்து முடித்துவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது இடத்தில் நின்றேன். வெள்ளை இன்னும் ஈரமாக இருந்தது. அங்கியாலேயே துடைத்தேன். வழித்தேன். நகத்தால் சுரண்டினேன். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களின் கை லட்சணத்தைக் கேலி செய்த கை, அத்தான். நீங்கள் தட்டிக் கேட்டிருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும்.

பின்னால் யாரோ நின்றார்கள். பிளாஸ்டிக் பூவைத் துடைக்கிற அம்மா. என் கையில் ஈரத்துணியைக் கொடுத்தார், தானும் ஒரு மூலையில் துடைக்கத் தொடங்கினார். நான் வெட்கத்தில், "இதுல ஒரு தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன ஃபாதர்? எல்லாருக்கும் தெரியும். அதான் ரெண்டு தடவை விழுறாரே, மூணாவது தடவையாவது எழட்டும்னு விட்டுட்டோம். நீங்க அதைப் போய் மடல்ல எழுதினதும் எங்களுக்குச் சங்கடமாப் போச்சு. யார்கிட்டயும் சொல்லிக்கல."

இந்த ஜனங்களில் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை என்று அக்காவுக்கு எழுதினவன் நான்.

படம் போய்விட்டது. வெள்ளையடிக்கும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஒரு தோளும் சிலுவையின் ஒரு முனையும் மங்கலாகத் தெரிகின்றன. வாசகத்தில் இரண்டு எழுத்து மட்டும் முழுசாக வந்தது. "எழு." அவ்வளவுதான். முதல் எட்டுப் படங்களும் இல்லை. பத்திலிருந்து பதினான்கு வரை தொட வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். பல் டாக்டர் காரணம் கேட்டார். அடுத்த மடலில் படியுங்கள் என்றேன். அதில் தப்பு யாருடையது என்று என் கையெழுத்தோடு போடுகிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரசங்கத்தில் அந்த வார்த்தையை நிறையச் செலவழித்துவிட்டேன். முடிந்தால் வாருங்கள்.

சின்னவன்


ஜூன் 26

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். "யார் எழுத்து?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. உள்ளபடியே வாசித்தேன், நீ நகத்தால் சுரண்டினது வரைக்கும். "உப்புத்தாள் போட்டுட்டாங்களா" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் இடது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் நாளாகும். உன்னைப் பார்த்தால் பேசுவேனா என்றும் தெரியாது. அவர் வருகிறேன் என்கிறார், கையைப் பிடித்து அழைத்துவர வேறு ஆள் இல்லாததால் நானும் வருகிறேன். நாளை பத்து மணி பஸ். எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று அந்தப் பக்கம் போகும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கறுப்பு எனாமல் சின்ன டப்பா ஒன்றும், அரை அங்குல பிரஷ் ஒன்றும் வாங்கி வைக்கச் சொன்னார். மீதி எழுத்தை நீதான் எழுத வேண்டுமாம். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாராம்.

இன்னொன்றும் சொல்லச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "படிச்சவன்கிற திமிர்ல திருத்திடப் போறான். பழைய தப்பு மாறாம எழுதச் சொல்லு."

அக்கா