ஒரு கை ஸ்டியரிங்கில்

நாரின்

அன்பு மகள் மீரிமுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ரஷ்யக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. ‘மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழைய வேலைக்குப் போகக்கூடாதா’ என்று நீ போனில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். நில ஆவண அறைக்கு நான் திரும்பப் போகமாட்டேன். அதிகாரி என் மேஜைக்கு மேலே ‘பேசாதே’ என்று பலகை மாட்டினார், நான் அதைக் கழற்றி அவர் கதவில் மாட்டிவிட்டு வந்தேன், இதற்கு என்ன மன்னிப்பு? என்னைப் போன்ற வாயாடியைப் பேசாத காகிதங்களோடு பூட்டிவைத்தது அவர்கள் தப்பு. இப்போது நாரினிலிருந்து கொச்கோருக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன், போக வரப் பேச்சுதான், சாயங்காலம் வந்தால் உடம்பு வலிக்கிறது, மனசு வலிப்பதில்லை.

வேனில் நடந்ததை உன் மாமியார் கனிஷாய் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். டிரைவர் யாரென்று பார்க்காமலே பின் சீட்டில் ஏறிவிட்டாள். வழியில் கல்லறைமேடு வந்ததும் எல்லோரும் செத்தவர்களுக்காக வேண்டி இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவினார்கள், மற்ற டிரைவர்களும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தடவுவார்கள், நான் ஒரு கையால் தடவினேன். உடனே பின்னாலிருந்து, “ஏம்மா, செத்தவங்களுக்கு ஒரு கைதானா, இன்னொண்ணை வாடகைக்கு விட்டுட்டியா?” என்று ஒரு குரல். நான் கண்ணாடியில் பார்த்து, “ரெண்டையும் எடுத்தா நாமளும் இங்கயே இறங்கிக்க வேண்டியதுதான், சம்பந்தி” என்றேன். வேனே சிரித்தது. அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில்தான், என்னை வேனிலிருந்து இறக்கிவிட, அதிகாரியிடம் போய்ப் பேசி, நான் மன்னிப்புக் கேட்டால் வேலை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்திருக்கிறாள். கேட்காவிட்டால் உன் நாத்தனார் கல்யாணத்துக்கு என்னை அழைக்கமாட்டாளாம். அழைக்க வேண்டாம், விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு வாசல்வரை நான்தான் வருவேன்.

அது போகட்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நீ வாந்தி எடுக்கிறாய், லீவு நாளில் மட்டும் எடுப்பதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். வீட்டுக்கு ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பெண் நீ, உன்னைப் போய் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற போன் கடை கவுண்டரில் உட்காரவைத்திருக்கிறார்கள். கேட்டால், “வேலைன்னா அப்படித்தாம்மா, எல்லாரும் பிடிச்சுப்போயா வேலைக்குப் போறாங்க?” என்கிறாய். இதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தான் நான் அந்த அறையில் கிழவியானேன். உனக்குத் தைரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே, அந்த இடம் உனக்கானதில்லை, அவ்வளவுதான். பின்னறையில் போன்களைப் பழுது பார்க்கிற வேலை காலியாக இருக்கிறதென்று நீதான் சொன்னாய், சம்பளம் குறைவு என்று தயங்காதே, போய்க் கேள். உன் மாமியார் என்ன சொன்னாலும் என்னிடம் திருப்பிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர்க்காரர் ஒருவரிடம், கெட்டித் தயிரை நானே உருட்டிக் காயவைத்த குருத் கொடுத்தனுப்பியிருக்கிறேன், தினம் இரண்டு உருண்டை வாயில் போட்டுக்கொள். அல்லா உனக்கு நல்ல வழி காட்டட்டும், உன் காலை விடியட்டும், உன் வயிறு அமைதியாகட்டும். மறக்காதே, நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, நீயும் சிரிப்பு வராத இடத்தில் சிரிக்காதே.

உன் அம்மா,
புருல்