காக்காவின் காலில் பிழையில்லை

2005 ஆவணி, புதன் இரவு.

இன்றைக்கு மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நிவாரணக் களஞ்சியத்தில் பற்றரி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான அசனார் காக்கா, நேற்று வண்டியைக் கொண்டுபோய் அரிசி மூட்டை அடுக்கில் மோதிவிட்டார். அடுக்குக்குப் பின்னால் மூட்டை எண்ணிக்கொண்டு நின்ற விமலா தப்பியது அருந்தப்பு. "நான் பெடலில இருந்து காலை எடுத்துட்டன் தம்பி, அது நிக்கல்ல" என்று என்னிடம் சொன்னார். சுனாமியில் மகளைக் கடல் கொண்டுபோனதிலிருந்து மனுசனுக்கு நினைவு ஒரு நிலையில் இல்லை என்றார் பொறுப்பாளர். பின்னேரமாகும்போது காக்காவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். இன்று காலை வண்டியில் ஏறவே இல்லை.

வண்டி திருத்துவது என் வேலை என்பதால், அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கொன்டக்ட் இரண்டும் தேய்ந்து, கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காக்காவைக் கூப்பிட்டு, அவர் பார்க்கவே ஸ்குரூட்ரைவரால் நெம்பிப் பிரித்தேன்.

"இது ஒட்டினா காலை எடுத்தாலும் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். ஆர் ஓட்டினாலும் வண்டி நிக்காது காக்கா."

கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப எனக்கு மூளை பிசகல்லையா?"

"இல்ல காக்கா."

புதிய கொன்டக்ட் போட்டு, வெறும் முற்றத்தில் நானே பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன். காலை எடுத்த இடத்திலேயே நின்றது. அவர் சிரித்ததை இந்த வருசத்தில் இன்றுதான் கண்டேன்.

போகும்போது கழற்றிய பழைய கொன்டக்டைக் கேட்டார். "பொஞ்சாதிக்கும் காட்டணும் தம்பி. அவளும் பயந்துபோய் இருக்கா." முகம் துடைக்கும் என் லேஞ்சியில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். பொறுப்பாளருக்குக் காட்ட அதை நான் வைத்திருந்திருக்க வேண்டும். நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது... கேட்கட்டும். கண் சொக்குகிறது.