தாழைக்கோழி இறங்காத கரை

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பழைய எஸ்டேட் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஈயம் தோண்டி விட்ட குட்டைக்குப் போனேன். வலசை வந்த பறவைகள் கிளம்பும் மாதம் இது, விட்டால் அக்டோபர்தான். வீட்டுக்காரர் வரவில்லை. இந்தப் பங்குனித் திருவிழாவுக்குக் கரகம் எடுக்கிறார், விரதத்தில் இருக்கிறார். “நீ கொக்கப் பாரு, நான் அம்மனப் பாக்குறேன்” என்றார்.

தாழைக்கோழி ஒன்று நல்ல நீலத்தில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால் அதற்குப் பின்னால் தண்ணீரில் ஒரு மரக்கட்டை. கட்டையின் மேல் இரண்டு மேடு.

மலாயில் சொல்கிற பியாவாக்காக இருக்கும். உடும்புக்கா குறைச்சல் இங்கே?

மார்ச் 16, ஞாயிறு

கட்டை இடம் மாறியிருக்கிறது. காற்று அடித்த பக்கம் போயிருந்தால் சரி. எதிர்ப்பக்கம் போயிருக்கிறது.

கிழக்குக் கரையில், கோயில் படிக்கட்டு தண்ணீரில் இறங்கும் இடத்தில், ஒரு பறவைகூட இல்லை. போன வருடம் அங்கேதான் தாழைக்கோழிக் கூட்டம் சந்தை போட்டது. ட்ரைபோடை மடக்காமலே காரில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள் நான், என் பயத்தை யார் நம்புவார்கள்?

அந்தப் படியில்தான் இவர் இறங்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் மூன்று முழுக்கு, பிறகு செம்பை நிறைக்க வேண்டும்.

மார்ச் 17

அது முதலையோ என்று இவரிடம் சொன்னேன். சிரித்தார். “பியாவாக் லா, கலா. அது நம்மளக் கண்டா ஓடும்.”

விடாமல் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. “வேண்டுனது யாருக்கு? ஒனக்குத்தானே. பாதியில விட்டா என்ன ஆவும்னு தெரியுமா?”

தெரியும். போன செப்டம்பரில் என் இடது மார்பில் கட்டி. இவர் அம்மனிடம் வேண்டிக்கொண்டார், பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. ஏப்ரல் 22 மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எனக்காகத்தான் தண்ணீரில் இறங்குகிறார். நான் எந்த வாயால் தடுப்பேன்?

மார்ச் 19

கோயில் தலைவர் அப்பாவு அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “என் அப்பா காலத்துலேர்ந்து இங்கதான் கரகம் எடுக்கிறோம். ஒரு மீன்கூடக் கடிச்சதில்ல. நீங்கதானே எக்ஸ்ரே எடுக்கிறவங்க, இது முதலதான்னு அடிச்சுச் சொல்வீங்களா?”

இருபது வருடத்துக்கு மேலாக மருத்துவமனையில் நிழலைப் படம் பிடிக்கிறேன். என்ன தெரிகிறது என்று நோயாளி கேட்டால் ‘டாக்டர் சொல்வார்’ என்பதுதான் என் பதில். இன்றும் அதே மாதிரி நின்றேன்.

வனவிலங்கு இலாகாவுக்குப் படம் அனுப்பினேன். பெருநாள் விடுமுறை முடிந்ததும் வருகிறார்களாம்.

ஏப்ரல் 2

இறங்கினால் அவருக்கு ஆபத்து. தடுத்தால் எனக்கு.

ஏப்ரல் 8

இலாகா ஆட்கள் படகில் ஒரு சுற்று வந்தார்கள். எதுவும் கண்ணில் படவில்லை. கூண்டு வைக்கிறோம் என்றார்கள். திருவிழா முடியட்டும் என்று கோயிலில் கேட்டுக்கொண்டார்களாம்.

ஏப்ரல் 10

பூசாரி பிச்சைமுத்து வந்து முறை சொல்லிவிட்டுப் போனார். கரகக்காரர் படியில் கால் வைத்த பிறகு யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, அவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கூப்பிட்டால் வேண்டுதல் செல்லாது.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என்னை மாதிரி பயந்தாங்கொள்ளி எங்கே கூப்பிடப் போகிறாள்? கல்யாணமான நாளிலிருந்து இவரை ‘இந்தாங்க’ தவிர வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கூப்பிட்டுவிட்டேன்.

படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கேமரா என் கண்ணில் இருந்தது. மஞ்சள் வேட்டியில் இவர் முழங்கால்வரை இறங்கிவிட்டார். லென்ஸில் இவர் முதுகு. அதற்கு அப்பால் நாணலில் ஒரு செந்நாரை. மேளத்துக்கும் வேட்டுக்கும் அசையாமல் நின்ற நாரை. அது எழும்பியது. தண்ணியில ஒண்ணும் தெரியல. ஒண்ணுமே தெரியல. அப்புறம் எதுக்கு எழும்புச்சு —

பேரச் சொல்லிக் கத்திட்டேன். மேளம் நின்னுபோச்சு. நான் கத்துன சத்தம்தான் எனக்கே கேட்டுச்சு.

இவர் திரும்பிப் பார்த்தார். படியேறி வந்துவிட்டார்.

யாரோ ஒரு அக்கா “அடிப்பாவி” என்றாள். அப்பாவு அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிச்சைமுத்து கையிலிருந்த வேப்பிலையைக் கீழே வைத்தார். பிறகு கோயில் குழாயில் செம்பை நிறைக்கச் சொன்னார். கரகம் சுற்றி வந்தது. என் பக்கத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. தண்ணீரில் கடைசிவரை எதுவும் வரவும் இல்லை.

ஏப்ரல் 12

தோசை வைத்தேன், இவர் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். குளிக்கும்போது என் கை தானாக இடது பக்கம் போகிறது. கட்டி பெரிதாகியிருக்கிறதா? நேற்று இப்படி இருந்ததா?

ஏப்ரல் 14, புத்தாண்டு

எழுந்து பார்த்தால் இவரைக் காணோம். சாமி அலமாரியில் செம்பைக் காணோம். அப்போதே புரிந்துவிட்டது. வேண்டுதலைத் தனியாக முடிக்கப் போயிருக்கிறார்.

கார் எப்படி ஓட்டினேனோ. சிக்னலில் நின்றேனா, தெரியாது. அம்மா, என்ன எடுத்துக்க, அவர விட்டுடு, என்ன எடுத்துக்க. வழியெல்லாம் இதுதான்.

கிழக்குக் கரைக்கு மேலே, தண்ணீரிலிருந்து தள்ளி, செம்பைப் பிடித்தபடி நின்றார். உலர்ந்த வேட்டி.

படியோரச் சேற்றில் வால் இழுத்த தடம். ஒரு கை அகலம். இரண்டு பக்கமும் நகம் பதிந்திருந்தது. புதுத் தடம், பள்ளத்தில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

“பியாவாக் இல்ல, கலா” என்றார். நான் படம் எடுக்கவில்லை.

ஏப்ரல் 17

கூண்டு வைத்துவிட்டார்கள். உள்ளே கோழி. இன்னும் எதுவும் மாட்டவில்லை. அப்பாவு அண்ணன் படிக்கட்டுக்குக் கயிறு கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டார்.

முதலை சரி. வேண்டுதல்? அது குழாய்த் தண்ணீரில்தானே முடிந்தது?

ஏப்ரல் 22, செவ்வாய்

இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் படுப்பது வேறு. கூட வேலை செய்யும் சிவாஜினிதான் ஸ்கேன் எடுத்தாள். திரையை என் பக்கம் திருப்பவில்லை. “என்ன தெரியுது?” என்றேன்.

“டாக்டர் சொல்வாரு லா, அக்கா.”

இத்தனை வருடம் எத்தனை பேர் வயிற்றில் இப்படிக் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னார். கட்டி பழைய அளவிலேயே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இனி அடுத்த வருடம் வந்தால் போதும். இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

வெளியே வந்தேன். தாழ்வாரக் கோடியில் இவர் ஜன்னலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பயத்தில் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒரே கூட்டம், ‘இந்தாங்க’ என்றால் கேட்டிருக்காது.

“சுகுமாரன்” என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார்.