உடைந்த பல்லும் பலாமரத்து லயமும்

கொய்யாக்காயைக் கடித்தேன், நீ உடைத்த பல் சுரீரென்றது. அதே நேரத்தில் போனும் அதிர்ந்தது. உங்கள் வரிசை வீடுகளை, பலாமரத்து லயத்தை, யாரோ வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார்கள். காரணம்: 'இப்படி ஓர் இடம் இப்போது இல்லை.' பல்லையும் லயத்தையும் ஒரே நாளில் சீண்டினால் உனக்கு எழுதாமல் எப்படி இருப்பது?

யார் வேண்டுமானாலும் இடப்பெயர் சேர்க்கலாம் என்று இணையத்தில் ஒரு வரைபடம் கிடைத்தால் என் கை சும்மா இருக்குமா? 'கட்டுகஸ்தோட்டைக் கட்டெறும்பு' என்ற பெயரில் நுழைந்தேன். டியூஷன் சந்துக்குக் 'கொட்டாவிக் கணவாய்' என்று வைத்தேன். கணக்குப் படிப்பிக்கிற சேர் வீட்டு வாசல் 'பூஜ்ஜியபுரி' ஆனது. எல்லாவற்றையும், அப்போது முகம் தெரியாத நீ, அழித்துக்கொண்டே வந்தாய். ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு: 'அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டியா?'

கடுப்பில் உன் பதிவுகளைத் தேடினேன். தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வெறும் இலக்கம் மட்டுமே இருந்த உன் லயத்துக்குப் 'பலாமரத்து லயம்' என்று போட்டிருந்தாய். 'பலான லயம்' என்று மாற்றினேன். திருத்தினாய். மறுபடி மாற்றினேன். நீ கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறி வந்துவிட்டாய்.

"எவன்டா கட்டெறும்பு?" என்றாய், டியூஷன் முடிந்து பாலத்தடியில் நின்ற எங்களைப் பார்த்து.

"ஏன், கடிக்கணுமா?"

"எங்கம்மா இருக்கிற எடத்துக்காடா அந்தப் பேர வச்ச?"

கேள்விக்குறிக்கு முன்பே உன் முஷ்டி வந்துவிட்டது. வாய் முழுக்க இரத்தம். உன் தலைமயிரைப் பிடித்து, நின்றிருந்த ஓட்டோவின் கம்பியில் மோதினேன். புருவம் பிளந்தது. "சீட்டுல ரத்தத்தப் பூசாதீங்கடா" என்று ஓட்டோக்காரர் குடையால் இருவரையும் வெளுத்தார். அப்புறம் என் சேர்ட்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "நடுவுல பலாமரம் நிக்கிது. அதான் பேரு. வந்து பாருடா."

வந்தேன். அதன்பின் சேர்ந்தே திரிந்தோம், ஊர் ஊராகப் பெயர் கேட்டு, வழியெல்லாம் அடித்துக்கொண்டு.

மலை அடித்தபோது திருப்பி அடிக்க உனக்கு நேரம் இருக்கவில்லை. பட்டப்பகலில், கொட்டும் மழையில், மேட்டுத் தேயிலை மொத்தமாக இடிந்து இறங்கிச் சுவர்களை நொறுக்கியது. பலாமரத்தை வேரோடு பிடுங்கி லயத்தின் மேல் எறிந்தது. மண்ணுக்குள்ளிருந்து யாரோ போனில் கத்தியது அந்தப் பெயரைத்தான். மீட்க வந்தவர்கள் வரைபடத்தில் அதைத் தேடித்தான் நேராக வந்தார்கள். உன் அம்மாவைக் கை முறிந்த நிலையில் உயிரோடு எடுத்தார்கள். உன்னைக் கடைசியாக. முகத்தில் மிச்சமிருந்தது அந்தப் புருவத் தழும்புதான்; அதைக் காட்டி அடையாளம் சொன்னவன் நான்.

இன்று, வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருக்கும் பாடசாலை முகாமுக்குப் போனேன். வகுப்பு வாங்குப் பலகையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, எந்த எடம்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றீங்க?"

"பலாமரத்து லயம். வேற என்னத்தச் சொல்ல, தம்பி?"

பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உன் குறிப்பையே எழுதி, என் பதிலையும் சேர்த்தேன்: 'அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டியா? நான் கேட்டேன்.'

பல்லை அடைக்கச் சொல்கிறார்கள் வீட்டில். மாட்டேன் என்றுவிட்டேன். அழித்தவன் மறுபடி அழிக்கட்டும். பஸ் போகிற தூரத்தில் இருந்தால் அவன் பல்லுக்கும் நான் பொறுப்பில்லை.