அவசரத்தில் சொன்ன சரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றாம் தேதி அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போடாதே. போனில் பேசினால் மறுபடியும் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமை காலை நீ கூப்பிட்டபோது ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே பதினான்கு பேர் வரிசை. "அம்மா மறுபடியும் அடுப்பை அணைக்காம விட்டுட்டாங்க, என்னால முடியலக்கா, சேர்த்துடலாமா வேணாமா, இப்பவே சொல்லு" என்று ஒற்றைக் காலில் நின்றாய். "சரி, என்னமோ பண்ணித் தொலை" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. ரத்தம் எடுத்த பிறகு, எதிரில் இருப்பவர் தன் வாயால் பெயரைச் சொன்னதும்தான் குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்தேன். அன்று கை வேலையில், மனசு உன்னோடு சண்டையில். சீக்கிரம் முடியட்டும் என்று காலிக் குழாய்களிலேயே சீட்டை ஒட்டி வைத்துவிட்டேன். யார் பெயரையும் கேட்கவில்லை.

மதியம் ரத்த வங்கியிலிருந்து போன். ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் ரத்த வகை பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை. அவள் குழாயில் இருந்தது பக்கத்து நாற்காலிப் பெரியவரின் ரத்தம். அந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் வேறு வகையை ஏற்றியிருப்பார்கள். மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோது, "பரவாயில்லக்கா, இன்னொரு தடவை எடுத்துக்கோங்க" என்று அவள் என்னைத் தேற்றினாள். மேலதிகாரியிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன்னைத்தானே திட்டுவேன்? எனக்கும் மட்டுதான். உனக்குச் சொன்ன 'சரி'யும் அதே ஐந்து நிமிஷத்தில் வந்ததுதான், அதைக் கணக்கில் எடுக்காதே.

உன்னைக் குறை சொல்லவில்லையடா. பகலெல்லாம் வேலை, ராத்திரியெல்லாம் அம்மாவோடு விழிப்பு. நானாக இருந்தால் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பேன். இல்லம்தான் நல்லது என்று முடிவானால் ஆகட்டும். ஆனால் அடுப்பை மறந்த அம்மாவை அங்கே சேர்ப்பதென்றால், என்னை எங்கே சேர்ப்பாய்?

இருபத்தெட்டாம் தேதி காலை வந்துவிடுவேன். அதுவரை கேஸை மூடிவிட்டு வெளியே சாப்பாடு வாங்கு. நான் வந்ததும் நீ ஒரு நாள் முழுக்கத் தூங்கு. மறுநாள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். 'உனக்கு என்னம்மா வேண்டும்?' என்று நாம் இருவரும் இதுவரை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தம்பி.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா