வீரன் முன்னால் குனியாதே

இன்று காலை என் வெள்ளைச் சட்டையைச் சவுக்காரத்தில் ஊறப்போடப் போன ஆத்தா, பைக்குள் கையை விட்டு ஒரு நெத்திலித் தலையை எடுத்தாள்.

"நீ போறது பள்ளிக்கூடமா, கருவாட்டுக் கடையாடா?"

மற்ற நாளாக இருந்தால், "கடைன்னா பாஸாவது பண்ணியிருப்பேன் ஆத்தா" என்று சொல்லியிருப்பேன். இன்று அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். மல்லிகையிலும் சந்தனத்திலும் ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. கருவாட்டில் வருகிறவன் நீ ஒருத்தன்தான் மாப்ளே.

உன் நாய்க்கு வீரன் என்று பெயர் வைத்ததே பெரிய பொய். குட்டியில் சந்தைப்பேட்டையில் எவனோ எறிந்த கல்லில் கண்ணோரம் கிழிந்து கிடந்ததை நீ தூக்கி வந்தாய். அதற்குப் பிறகு காக்கை கத்தினாலும் உன் காலுக்குள் நுழைந்துகொள்ளும். நம் ஊரில் எல்லா நாயும் அவிழ்த்துவிட்ட நாய்தான். நீ ஒருத்தன் மட்டும் கிணற்றுக் கயிற்றின் பழைய துண்டில் நாயைக் கட்டி, சாயங்காலம் புளியந்தோப்பு வரைக்கும் நடத்திக்கொண்டு போவாய். நான் முன்னால் நடந்து, "ராஜா வாராரு, வழி விடுங்க" என்று கட்டியம் கூறுவேன். டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வரும்:

"என்னப்பா, சந்தைக்கா? பால் எம்புட்டுக் கறக்கும்?"

"பால் இல்லண்ணே, பயந்தா வேற வரும். செம்பு வச்சிருக்கீங்களா?" என்பேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றைப் பார்ப்பாய்.

தோப்புக்குப் போக ரைஸ்மில்லைத் தாண்டியாக வேண்டும். மில்லுக்காரரின் நாய்கள் இரண்டும் கன்றுக்குட்டி உயரம். அவர் நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார்: "ஒண்ணும் பண்ணாது தம்பி, வெளாட்டுக்கு வருது."

"ஒங்க நாய் ஒண்ணும் பண்ணாதுண்ணே. எங்க நாய்க்கு அது தெரியலையே" என்பாய் நீ. அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

முதல் நாள் அவற்றை விரட்ட நான் கல்லெடுக்கக் குனிந்தேன். நாயைக் கண்டால் ஊரே அதைத்தானே செய்கிறது? ஆனால் வீரன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். பாலத்தடியில் நடுங்கிக்கொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்த பிறகு, நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "கல்லு யாருக்குன்னு அவனுக்கு எப்படிடா தெரியும்? குனிஞ்சா தனக்குத்தான்னு நெனைப்பான்."

நீ நிற்கவும் மாட்டாய், ஓடவும் மாட்டாய். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, வீரனைச் சுவர்ப் பக்கம் விட்டு, நடுவில் நீ நடப்பாய். பையிலிருந்து நெத்திலியை எடுத்து எதிர்ப்பக்கமாக எறிவாய். அத்தனை தோரணையோடு வந்த இரண்டும் மண்ணை மோந்துகொண்டு நிற்கும். செருப்பு வார் கழன்றால்கூட, இரண்டு உள்ளங்கைகளையும் வீரனுக்கு விரித்துக் காட்டி, "பாரு, வெறுங்கை" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவாய். வீட்டுக்கணக்கு எழுதாத அன்று நானும் கணக்கு வாத்தியாரிடம் அப்படியே கையை விரித்தேன். விரித்த கையிலேயே விழுந்தது. சிரித்ததற்காக உனக்கும் விழுந்தது.

ஐப்பசி மழையில் உன் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "மாப்ளே, மஞ்சள் நீராட்டு எப்ப?" என்றேன். சிரித்தாய். "வீரனை வெளிய கூட்டிட்டுப் போடா, அடக்கிக்கிட்டே கெடப்பான்" என்றாய். "நீயே எந்திரிச்சு வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாம் பேசியது அதுதான் கடைசி.

உன்னைத் தூக்கிக்கொண்டு போகையில் போட்ட வேட்டுச் சத்தத்தில் வீரன் வண்டிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். தோப்புக்கு அந்தப் பக்கம், குழியைச் சுற்றி எல்லோரும் குனிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எனக்குக் குனிய வரவில்லை. குனிந்தால் நீ ஓடிவிடுவாய் என்று பயந்தேனோ என்னவோ.

அன்றிலிருந்து வீரன் வாசற்படி தாண்டவில்லை. அடக்கிக் கிடந்து, முடியாமல் போனதும் எல்லாம் வீட்டுக்குள்ளேயேதான். "எத்தன நாளைக்குக் கழுவி விடுறது? சந்தைக்கு வார கடலைக்காரருகிட்ட குடுத்துடுறேன், அவரு கொல்லையில காவலுக்குக் கெடக்கட்டும்" என்றார் உன் அப்பா. கொல்லை நாய்கள் ஒரு பொழுதில் அவனைக் குதறிப் போட்டுவிடும். உன் ஆத்தா என்னைத் தேடி வந்தாள். "நீ கூப்புட்டா வாரானான்னு பாருப்பா. அவன் வளத்ததுன்னு வீட்ல இது ஒண்ணுதான் கெடக்கு."

நேற்று போனேன். பையில் நெத்திலி. கயிற்றைக் கண்டதும் தலையைத் தொங்கப் போட்டான். நெத்திலி வாடை பட்டதும் நிமிர்ந்து, என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. ஆனாலும் எழுந்து வந்தான்.

மில் வாசலில் இரண்டும் பாய்ந்து வந்தன. "ஒண்ணும் பண்ணாது தம்பி" என்று நாற்காலியிலிருந்து சத்தம். என் கை தானாகத் தரைக்குப் போனது, கயிறு விறைத்தது. சட்டென்று நிமிர்ந்துவிட்டேன். வீரனைச் சுவர்ப் பக்கம் விட்டு, நடுவில் நின்று, நெத்திலியை எறிந்தேன்.

"ஒங்க நாய் ஒண்ணும் பண்ணாதுண்ணே. எங்க நாய்க்கு அது தெரியலையே."

மில்லுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார். "அந்தத் தம்பி நாயா?"

"ஆமாண்ணே."

இரண்டையும் உள்ளே விரட்டிக் கதவைச் சாத்தினார்.

புளியந்தோப்பில் வீரன் ஒரு மரத்தடியில் காலைத் தூக்கி நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். ஐப்பசி மழை மொத்தமும் அவனுக்குள்தான் இருந்திருக்கிறது. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அங்கிருந்து உன்னிடம் வந்தோம். மண் இன்னும் இறுகவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வீரனுக்கு விரித்துக் காட்டினேன். "பாரு, வெறுங்கை." பிறகு குனிந்தேன். அன்றைக்குப் போடாத ஒரு பிடி மண்ணை நேற்று போட்டேன். வீரன் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது உன் அப்பா கயிற்றை என்னிடமிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். சந்தையைப் பற்றிப் பேசவில்லை. "நாளைக்கும் வாரியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஆத்தா சட்டையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். பளிச்சென்று வெளுத்து, ஒரு வாடையும் இல்லாமல் ஆடுகிறது. காயட்டும். சாயங்காலம் மறுபடியும் நாறும்.