சோயா வயலுக்கு அடியில் எங்கள் ஊர்

மார்ச் 4

இன்று முதியோர் மதிய உணவுக்கு நாற்பத்தொரு பேர். பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் பழங்குடி அலுவலகத்திலிருந்து ராய்ஸ் வந்தான். வரலாற்றுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். ஒஹாயோவில், ஆற்றங்கரையில் எங்கள் ஊர் இருந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் நடப்போகிறார்களாம். செப்டம்பரில் விழா. எங்கள் ஷானி இனத்து ஜனங்களில் யாராவது வந்து, எங்கள் மொழியில் கொஞ்சம் பேச வேண்டுமாம்.

"உங்க அக்காவை விட்டா வேற யாரு அத்தை இருக்கா?" என்றான்.

எனக்குத் தெரியாதா? அக்கா ஓர்லீன் அளவுக்குப் பேசக்கூடியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எனக்கு மொழி பாதி புரியும். வாயில் வராது.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை. அங்கிருந்து எங்களை மேற்கே துரத்தி நூற்றெண்பது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனாலும் அம்மா அதைப் பக்கத்து ஊர் மாதிரித்தான் பேசுவாள். இங்கே ஓக்லஹோமாவில், வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை ஒருநாளும் "நம்ம" என்று சொன்னதில்லை. நம்ம ஆறு என்றால் அது அந்த ஆறுதான்.

மார்ச் 9

ராய்ஸ் போய்க் கேட்டிருக்கிறான். ஓர்லீன் மாட்டேன் என்றுவிட்டாள். கல்லில் எழுதப்போகும் வாசகத்தையும் காட்டியிருக்கிறான். 'இங்கே வாழ்ந்து மறைந்த ஷானி மக்களின் நினைவாக.'

"மறைஞ்சுட்டோமா? அப்போ தினம் மத்தியானம் என் தங்கச்சிகிட்ட தட்டு நீட்டுற நாப்பது பேரும் யாரு, ஆவியா?" என்று கேட்டாளாம்.

சமையற்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தங்கச்சி என்றாளா? ராய்ஸிடம் இரண்டு தரம் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் சொன்னாளாம்.

மார்ச் 10

அவளும் நானும் பேசி ஆறு வருடம். வீட்டுக்கு வீடு ஐந்து மைல் தூரம்.

ஏப்ரல் 2

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். திராட்சைச் சாற்றில் வேகவைத்த மாவுருண்டை செய்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தாள், பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசற்படியிலேயே நின்று பேசினேன்.

"அக்கா, அம்மா கடைசி வரைக்கும் அந்த ஊரைத்தானே சொல்லிட்டிருந்தா. நமக்காக இல்லேன்னாலும் அவளுக்காகப் போகலாமே."

"அம்மா பேரை நீ எடுக்காதே."

"ஏன்?"

"ஏன்னா கேக்குறே? செத்தா புதைக்கிறதுக்கு முன்னாடி நாலு நாள் முறை செய்யணும்னு அவ எத்தனை தரம் சொல்லியிருப்பா? ரெண்டாம் நாளே உன் புருஷன் பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து குழியில இறக்கிட்டான். நான் டல்சாவுல இருந்து வந்து சேர்றதுக்குள்ள மண்ணு மூடியாச்சு. நீ வாயையே திறக்கலியே, வெல்டா."

ஆமாம். திறக்கவில்லை. என் புருஷன் டுவைட் சொன்னால் எனக்கு அது போதும் அப்போது. இப்போது டுவைட்டும் இல்லை, பழி போட ஆளும் இல்லை. தப்புதான் அக்கா என்று சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே காரை எடுத்துவிட்டேன். ஏன் இப்படி இருக்கேன்? அறுபத்து மூணு வயசாச்சு. வாயிலே என்னத்தை வெச்சிருக்கேன்?

ஜூன் 20

ஒஹாயோக்காரர்கள் வாசகத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். 'மறைந்த' போய்விட்டது. 'இங்கிருந்து துரத்தப்பட்ட' என்று வரும். ராய்ஸ் ஏழு கடிதங்கள் எழுதினான்.

பேச ஆள் இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 11

நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராய்ஸ் முகத்தில் கவலை. நான்கு வரி எழுதிக்கொடுத்தான். அடுப்பின் முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வரியில் நாக்கு மடங்கிக்கொள்கிறது. அம்மா சோளம் உரிக்கும்போது என்னைப் பார்த்து இதே சத்தங்களில் ஏதோ திட்டுவாள். திட்டு மட்டும் அப்படியே நினைவிருக்கிறது! அதையா மேடையில் சொல்ல முடியும்?

செப்டம்பர் 15, இந்தியானா, ஏதோ ஒரு விடுதி

விடிகாலையில் வேனில் ஏறினால் கடைசி இருக்கையில் ஓர்லீன். மடியில் துணிப்பை.

"பாக்காதே அப்படி. உனக்காக வரல. அவங்க கல்லுக்காகவும் வரல. ஆத்தைப் பாக்கணும், அவ்வளவுதான்."

அதற்குமேல் மிசூரி மாநிலம் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இல்லினாயில் எங்கோ, ஒரு வேகவைத்த முட்டையை உரித்து என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் மூன்று மாதம் நடந்த வழி இது. பனியில், குழந்தைகளைப் புதைத்துக்கொண்டே நடந்தார்கள். நாங்கள் சாலையோரத்தில் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு ஒன்றரை நாளில் போகிறோம். குற்ற உணர்ச்சியாகவும் இருக்கிறது, எப்போது வரும் எப்போது வரும் என்றும் இருக்கிறது.

செப்டம்பர் 17

நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அது ஒரு சோயா வயல். அவ்வளவுதான். இலையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. அந்தப் பக்கம் நெடுஞ்சாலை இரைச்சல். வயலின் சொந்தக்காரி கோரா ஹோஸ்டெட்லர், எண்பது வயது விதவை, சாலையோரத்தில் கல் நட இடம் கொடுத்தவள். கைகுலுக்கினாள், அதிகம் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் ஏங்கிய இடத்தில் நிற்கிறேன், நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. ஐயோ, இதற்கா வந்தேன் என்று பயந்துவிட்டேன்.

நகரத் தலைவர் பேசினார். பள்ளிக்கூட வாத்தியக்குழு வாசித்தது. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு வரி சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுபோனேன். கூட்டம் காத்திருந்தது. "நியாவே" என்றேன். நன்றி. அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. கைதட்டினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஓர்லீன் வேனைவிட்டு இறங்கவேயில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது.

எல்லோரும் கேக் சாப்பிடத் தேவாலயக் கூடத்துக்குப் போன பிறகு அவள் இறங்கி வந்தாள். "வா" என்றாள். சோயாச் செடிகளுக்கு நடுவே ஆற்றை நோக்கி நடந்தோம். கரையில் பெரிய பெரிய சிக்கமோர் மரங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கல் தெரிந்தது.

துணிப்பையிலிருந்து புகையிலையை எடுத்துக் காணிக்கையாகத் தரையில் வைத்தாள். அப்புறம் அந்த மண்ணில் கிடக்கும் எங்கள் முன்னோரிடம், எங்கள் மொழியில் பேச ஆரம்பித்தாள். பிரசங்கம் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுகிற குரல். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பாதிதான் புரிந்தது. வர இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றாள். யார் யார் பிழைத்தார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். ஓரிடத்தில் சிரித்தாள். அம்மாவின் பெயர் வந்தது. நாலு நாள் முறை நடக்கவில்லை, அவள் அங்கே வந்து சேர்ந்துவிட்டாளா என்று கேட்டாள்.

பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அந்த வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது. இது என் தங்கை. இவளும் வந்திருக்கிறாள்.

"தப்புதான் அக்கா," என்றேன். "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்."

"திறந்திருக்கணும்," என்றாள். கையை விடவில்லை.

செப்டம்பர் 19

வீடு. முதியோர் மதிய உணவுக்குச் சுட்ட சோளரொட்டி கருகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

நவம்பர் 6

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஓர்லீன் சமையற்கூடத்துக்கு வருகிறாள். சமைத்துக்கொண்டே எங்கள் மொழியில் பேசுகிறோம். நான் தப்பாகச் சொன்னால், "இப்ப நீ சட்டியைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னே" என்கிறாள்.

ஏப்ரல் 28

கோரா ஹோஸ்டெட்லரிடமிருந்து கடிதம். அன்று கூட்டம் போன பின் அவளும் கேக் சாப்பிடப் போகவில்லையாம். சமையலறை ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். 'உங்கள் அக்கா பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. ஆனால் எதிரில் ஆள் இருப்பதுபோலப் பேசினார். இந்த வருடம் ஆற்றோரத்து ஆறு ஏக்கரை உழ வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். புல் முளைக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், முன்னறிவிப்பு வேண்டியதில்லை.'

ஓர்லீன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஜன்னலருகே போய் நின்றாள். "ஆறு ஏக்கர்," என்றாள். அப்புறம், "ஜூன்ல சூடு ஜாஸ்தியா இருக்குமா அங்கே?"

ஜூன் எட்டாம் தேதி கிளம்புகிறோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். வண்டி ஓட்டப்போவது நான். வழியெல்லாம் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசினாலும் என்னை இறக்கிவிட்டுவிடுவாளாம். எண்ணூறு மைலும் எங்கள் மொழிதான்.